கே-பாப் லைட்ஸ்டிக் வாங்கலாமா: பேட்டரி, ஆப், போலி, கச்சேரி நாள்

டிக்கெட் கிடைத்த மறு நிமிடமே கே-பாப் எனும் கொரிய பாப் இசையின் ரசிகர்கள், கச்சேரியில் கையில் ஏந்தும் ஒளிக்கோலான லைட்ஸ்டிக்கைப் பற்றிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்கிட்ட இருக்கிறது பழைய வெர்ஷன். இந்த ஷோவுல கனெக்ட் ஆகுமா?" சரியான கேள்வி. லைட்ஸ்டிக்கை வீட்டு மேசையில் வைத்து மதிப்பிட முடியாது. அங்கே அது கைப்பிடி வைத்த சின்ன விளக்கு; அதைவிடப் பிரகாசமான டார்ச் எந்தக் கடையிலும் கிடைக்கும். அரங்கத்தோடு இணைந்து, பல்லாயிரம் பேர் கையில் ஒரே நொடியில் ஒரே நிறத்துக்கு மாறும்போதுதான் அந்தப் பொருள் முழுமையடைகிறது. அதனால் ஒரு மாடலைத் தனியாக எடுத்து மதிப்பெண் போடுவதில் பெரிய பயன் கிடையாது. அதிகாரபூர்வ லைட்ஸ்டிக் எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது, யார் வாங்கலாம், யார் காத்திருக்கலாம் என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரில் கச்சேரிக்குப் போகிறவர்கள் அந்தச் சுற்றுப்பயணத்தில் வேலை செய்யும் வெர்ஷனாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள். அலமாரியில் வைத்துப் பார்க்கவும் வீட்டில் பாட்டு கேட்கும்போது பிடித்துக்கொள்ளவும் வாங்குகிறவர்கள், ஆப் இல்லாமல் பட்டனை அழுத்தினாலே நன்றாக எரிகிற மாடலாக வாங்குங்கள். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலரும் யோசிப்பதில்லை. அது ஏன் முக்கியம் என்பது பிறகு வருகிறது.

பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் கிடைப்பவை இவை: லைட்ஸ்டிக், மணிக்கட்டில் மாட்டும் ஸ்டிராப், துணிப்பை, கையேடு, குழு உறுப்பினர்களின் படம் அச்சிட்ட போட்டோகார்டுகள். பேட்டரி பெரும்பாலும் இருக்காது. கையேடு கொரிய மொழியிலும், சிலவற்றில் ஆங்கிலத்திலும் இருக்கும். போட்டோகார்டைப் பார்த்த மகிழ்ச்சியில் கையேட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். பட்டனை எத்தனை நொடி அழுத்தினால் எந்த மோட் என்பது குழுவுக்குக் குழு மாறும். ஒரு லைட்ஸ்டிக்கில் பழகிய கை இன்னொன்றில் உதவாது.

கொரிய மொழியில் இதன் பெயர் உங்வோன்போங். உற்சாகப்படுத்தும் கோல் என்று பொருள். அந்தப் 'போங்' என்ற வால்தான் எல்லாக் குழுவின் கோலுக்கும் ஒட்டிக்கொண்டது. டுவைஸுக்கு மிட்டாய் வடிவ கேண்டி போங். செவன்டீனுக்கு உள்ளே வைரம் வைத்த காரட் போங். பிளாக்பிங்க் குழுவுக்கு இரண்டு இளஞ்சிவப்பு இதயங்களை ஒட்டிய சுத்தியல். கொரிய மொழியில் 'மூ' என்றால் முள்ளங்கி. மாமாமூ ரசிகர்கள் தூக்கிப் பிடிப்பது முள்ளங்கிதான். காட் செவன் ரசிகர்களின் பெயர் குஞ்சுப் பறவை என்று பொருள்படும் ஆகாசே, அதனால் அவர்கள் கையில் பறவை. பிடிஎஸ் ரசிகர்களின் கோல் உருண்டையான ஆர்மி பாம், அதன் முதல் வெர்ஷன் 2015-இல் வந்தது. ரெட் வெல்வெட் குழுவின் கோலை ரசிகர்கள் கிம் மான் போங் என்று ஆள் பெயர் வைத்தே கூப்பிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் இருட்டில் கோலின் நிழலுருவைப் பார்த்தே இவர் நம்ம ஆள் என்று அடையாளம் காண முடிகிறதே, அந்த வேலையை இந்த வடிவங்கள் அபாரமாகச் செய்கின்றன. வடிவமைப்புக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

வடிவம் வருவதற்கு முன்னால் நிறம் இருந்தது. 1990-களின் கடைசியில் கொரியாவில் பலூனும் மழைக்கோட்டும்தான் ரசிகர் சீருடை. எச்.ஓ.டி. குழுவுக்கு வெள்ளை, ஜெக்ஸ்கிஸ் குழுவுக்கு மஞ்சள், ஷின்ஹ்வாவுக்கு ஆரஞ்சு, ஜி.ஓ.டி. குழுவுக்கு வான நீலம். புதிய குழு ஒன்று ஏற்கெனவே உள்ள நிறத்தைத் தொட்டால் சண்டைதான். குழுக்கள் பெருகப் பெருக நிறங்கள் போதவில்லை. 'முத்து நீலம்', 'முத்துச் சிவப்பு' என்று அடைமொழி சேர்த்துப் பிரித்துப் பார்த்தார்கள். பிக் பேங் குழு ரசிகர்களின் மஞ்சள் கிரீட வடிவக் கோல் வந்த பிறகு, நிறத்தோடு வடிவமும் அடையாளமாகலாம் என்ற வழி திறந்தது. இன்றைய லைட்ஸ்டிக் எல்லா நிறத்திலும் எரியும். ஆனாலும் தங்கள் குழுவின் நிறம் துளி பிசகினால் ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிஎஸ் உறுப்பினர் வி 2016 நவம்பரில் நடந்த ரசிகர் சந்திப்பில் 'பொராஹே' (ஊதா என்பதையும் 'நேசிக்கிறேன்' என்பதையும் இணைத்த கொரியச் சொல்) என்று சொன்னதிலிருந்து, ஊதா அந்த ரசிகர்களுக்கு வெறும் நிறமாக இல்லை. இதை இங்கே சொல்லக் காரணம், பேட்டரி தீரும்போது முதலில் கெட்டுப்போவது இந்த ஊதாதான்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். கச்சேரியில் லைட்ஸ்டிக் கைவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமான மாடல்களில் ரிமோட்டில் போடும் மெல்லிய டிரிபிள் ஏ பேட்டரி மூன்று போக வேண்டும். அல்கலைன் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட், மூன்றும் தொடராக 4.5 வோல்ட். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்.ஈ.டி.க்கள் சேர்ந்துதான் எல்லா நிறத்தையும் உண்டாக்குகின்றன. சிவப்பு எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும்; பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வரை வேண்டும். பேட்டரி இறங்க இறங்க நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சிவப்பு கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதனால் வெள்ளை பீச் நிறத்துக்குச் சாயும், ஊதா சிவந்து இளஞ்சிவப்பாகும். பக்கத்தில் இருப்பவர் கோலோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். கோல் கெட்டுவிட்டது, போலியை வாங்கிவிட்டோம் என்று பதற வேண்டாம். முதலில் மூன்று பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள்.

மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் பழையதாக இருந்தால், மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்துபோன அந்தப் பேட்டரி உள்ளே வாயு உண்டாகி வீங்கும், பிறகு கசியும். ரீசார்ஜபிள் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், மூன்றும் சேர்ந்து 3.6. பல கோல்கள் அதிலும் எரியும். ஆனால் 4.5 வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடும் ஆப், முழு சார்ஜிலேயே பேட்டரி குறைவு என்று காட்டலாம், கோலின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டைத் தொடங்க மறுக்கலாம். வீட்டில் அலங்காரமாக எரிய விட ரீசார்ஜபிள் போதும், கச்சேரிக்குப் புதிய அல்கலைன் எடுத்துப் போங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் துத்தநாக பேட்டரியை இதில் போடவே கூடாது. கொள்ளளவு குறைவு, ஒரு கச்சேரி தாங்காது, கசிவும் அதிகம்.

கச்சேரி இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம் ஓடும். புதிய பேட்டரி அதைத் தாங்கும். ஆனால் வாசலில் வரிசையில் நிற்கும்போதே எரிய விட்டு, புகைப்படம் எடுத்து, நண்பர்களுக்குக் காட்டி, ப்ளூடூத் மோடிலேயே மறந்து வைத்திருந்தால், என்கோர் நேரத்தில் கையில் கறுப்பு உருண்டைதான் மிஞ்சும். இசைக்குழு மறுபடி மேடைக்கு வரும் அந்த நேரத்தில் இருட்டில் மூன்று பேட்டரியைத் தடவித் தடவி மாட்டுவது கொடுமை. உபரி பேட்டரி மூன்றை நீளவாக்கில் டேப் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள், முனைகள் உரசினால் சூடேறும். கைப்பிடிக்குள் பேட்டரி எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை மாட்டிப் பழகிவிட்டால் போதும்.

கச்சேரி முடிந்து அறைக்கு வந்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நினைவாகப் பத்திரப்படுத்தி வைத்த கோல்கள் பாழாவது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான். அல்கலைன் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கசிந்து காற்றில் பட்டால் வெள்ளைத் தூளாகப் படியும், ஸ்பிரிங்கை அரிக்கும். அப்படி ஆகிவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, காதுப் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு அந்தத் தூளைத் துடைத்தெடுங்கள். பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, புதுப் பேட்டரி போடுங்கள். ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். ஸ்பிரிங் துண்டாகிவிட்டால் சாலிடர் பண்ணத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

இனி இணைப்பு. பொதுவாக மூன்று நிலைகள் உண்டு: பட்டனால் நாமே நிறம் மாற்றுவது, ப்ளூடூத் வழியாக ஃபோன் ஆப்பில் மாற்றுவது, கச்சேரியில் அரங்கமே மாற்றுவது. மூன்றாவதுதான் இந்தப் பொருளின் உயிர். அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அரங்கிலிருந்து வரும் ரேடியோ சிக்னல் எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த பிளாக்குக்கு (இருக்கைப் பகுதிக்கு) ஊதா, அந்த பிளாக்குக்கு வெள்ளை என்று கட்டளை எல்லாக் கோல்களுக்கும் போகிறது. தான் எந்த பிளாக்கில், எந்த வரிசையில், எந்த இருக்கையில் இருக்கிறோம் என்று கோலுக்கே தெரிந்திருந்தால்தான் தனக்கான கட்டளையை அது எடுத்துக்கொள்ளும். அந்த இருக்கை விவரத்தை முன்கூட்டியே ஆப் வழியாக ஏற்றுகிறோம். அதுதான் இணைப்பு.

செய்முறை பெரும்பாலான குழுக்களில் ஒரே மாதிரிதான். புதுப் பேட்டரி போடுங்கள். ஃபோனில் ப்ளூடூத்தை ஆன் செய்யுங்கள், ஆனால் ஃபோன் செட்டிங்ஸுக்குள் போய் கோலைத் தேடி இணைக்காதீர்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். அங்கே இணைத்துவிட்டால் ஆப் தேடும்போது கோல் கிடைக்காமல் போகலாம். அதிகாரபூர்வ ஆப்பைத் திறந்து, ப்ளூடூத்துக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கொடுத்து, கச்சேரித் தேதியைத் தேர்ந்தெடுத்து, டிக்கெட்டில் உள்ள இருக்கை விவரத்தை அப்படியே பதியுங்கள். கோலை ப்ளூடூத் மோடுக்கு மாற்றி ஃபோனுக்கு அருகே பிடியுங்கள். பதிவு முடிந்ததாக ஆப் சொன்னதும் கோலை ஒருமுறை அணைத்துப் போட்டு, கச்சேரி மோடுக்கு மாற்றி வையுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் கேட்டால் அதை முதலில் முடித்துவிடுங்கள். அப்டேட் நடக்கும்போது பேட்டரியைக் கழற்றுவதோ ஃபோனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடப்பதோ கோலை முடக்கிவிடக்கூடும்.

இதையெல்லாம் முந்தைய நாளே வீட்டில் செய்துவிடுங்கள். அரங்க வாசலில் ஆயிரக்கணக்கான கோல்கள் ஒரே நேரத்தில் ப்ளூடூத்தில் கூவிக்கொண்டிருக்கும். உங்கள் ஆப் பக்கத்து ஆளின் கோலைப் பிடிக்கும், இணையம் இழுக்கும், பதற்றம் கூடும். வீட்டில் இரண்டு கோல் இருந்தாலும் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை இணையுங்கள். இரண்டு நாள் ஷோவுக்கும் டிக்கெட் வைத்திருப்பவர், இரண்டாம் நாளுக்கு மறுபடி பதிய வேண்டும். நேற்றைய இருக்கை எண்ணோடு போனால் ஊதாக் கடலின் நடுவில் உங்கள் கோல் மட்டும் வெள்ளையாக நிற்கும். நண்பரோடு இருக்கை மாற்றிக்கொண்டால் கோலையும் மாற்றிக்கொள்ளுங்கள், அது எளிது.

உள்ளே போன பிறகு கோல் எதற்கும் அசையவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். கச்சேரி மோடில் இருக்கிறதா? பேட்டரி போதுமா? இந்த வெர்ஷன் இந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஆதரிக்கப்படுகிறதா? மூன்றும் சரியென்றால், பல அரங்குகளில் லைட்ஸ்டிக்குக்கென்றே உதவி மேசை இருக்கும், கச்சேரி தொடங்குமுன் போய்விடுங்கள். எதுவுமே பலிக்காவிட்டால் பட்டனை அழுத்தி உங்கள் குழுவின் நிறத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் அந்தக் கூட்டத்தில் தவறாகத் தெரியாது.

மேற்கத்திய கச்சேரிகளில் கோல்ட்பிளே 2012 சுற்றுப்பயணத்தில் கொடுத்த ஒளிரும் கைப்பட்டையோடு இதை ஒப்பிடுவார்கள். அந்தப் பட்டையை ஏற்பாட்டாளர் கொடுக்கிறார், செலவும் பராமரிப்பும் அவருடையது. லைட்ஸ்டிக்கில் அரங்க ஒளியமைப்பின் ஒரு பகுதியை ரசிகரே தன் காசில் வாங்கி, தன் பேட்டரியில் எரித்து, தானே சுமந்து வருகிறார். பட்டை ஒரு இரவுக்கு. லைட்ஸ்டிக் ஐந்து வருடம் கழித்து எடுத்தாலும் கையில் அந்தக் கச்சேரியைக் கொண்டுவரும். இந்த வேறுபாடுதான் இதன் அழகு. இதே காரணத்தால்தான் வெர்ஷன் விஷயத்தில் தயாரிப்பாளர்கள் மீது கோபம் வருகிறது. ரசிகர் கையில் ஏற்கெனவே உள்ள கோல் புதிய சுற்றுப்பயணத்தில் கனெக்ட் ஆகாது என்று அறிவித்துப் புதியதை விற்பது, அந்தச் சுமையைச் சுமந்து வந்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. முதல் தலைமுறைக் கோல்களில் ரேடியோவே இல்லை என்றால் அது தொழில்நுட்பக் காரணம், ஏற்கலாம். கைப்பிடி நிறமும் பெட்டியும் மட்டும் மாறியிருந்தால் வாங்காதீர்கள். சிறப்புப் பதிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் ஆர்டர் போடாமல், சுற்றுப்பயண அறிவிப்பில் எந்த வெர்ஷன்கள் வேலை செய்யும் என்ற பட்டியல் வரும் வரை பொறுங்கள்.

எல்லா வெர்ஷனையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் கணக்குப் பேசிப் பயனில்லை, பேசவும் வேண்டாம். தபால்தலை சேர்ப்பவரிடம் கடிதம் எழுதுகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லையே. அவர்களுக்குத் தேவையானது பராமரிப்பு அறிவு.

மேல் உருண்டை அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இதில் ஆல்கஹால் பட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகும், நாளடைவில் சிலந்திவலை மாதிரி தெரியும். கையில் சானிட்டைசர் தேய்த்துக்கொண்டு ஈரத்தோடு உருண்டையைப் பிடிப்பதும் இதே சேதத்தைச் செய்யும். கண்ணாடி துடைக்கும் திரவங்களும் வேண்டாம். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும், அதுவும் பேட்டரியைக் கழற்றிய பிறகு. இவை நீர் புகாத பொருட்கள் அல்ல. திறந்தவெளிக் கச்சேரியில் மழை வந்தால் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள், வெளிச்சமும் சிக்னலும் தடைபடாது. ஜன்னலோர அலமாரி வேண்டாம், வெயிலில் வெள்ளைக் கைப்பிடி மஞ்சளாகும். சில மாடல்களில் கைப்பிடிக்கு மென்மையான ரப்பர் பூச்சு இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது பிசுபிசுக்கும், அதைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, படுக்க வைத்துப் பாதுகாப்பது நல்லது.

அலங்கரிப்பவர்கள் பசையில் கவனமாக இருங்கள். மணிகளையும் கற்களையும் உருண்டையில் ஒட்ட இன்ஸ்டன்ட் பசை போட்டால், அதிலிருந்து எழும் ஆவி சுற்றிலும் வெண்பனி மாதிரி படியும். உருண்டைக்கு உள்பக்கம் ஒட்டினால் அந்தப் பனி போகவே போகாது. இருபக்க டேப் அல்லது நீரில் கரையும் கைவினைப் பசை பாதுகாப்பானது. உருண்டையை நெம்பித் திறந்து உள்ளே பொம்மை வைப்பதும் பலருக்குப் பிடித்த வேலை. உத்தரவாதம் போகும், சில மாடல்களில் எல்.ஈ.டி. பலகைக்குப் போகும் மெல்லிய ஒயர் அறுந்துவிடும். பழைய வெர்ஷனில் வேண்டுமானால் செய்து பாருங்கள். ரிப்பனைக் கைப்பிடியில் கட்டுங்கள், பட்டனை மறைக்காமல்.

ஆட்டும் வேகத்தில் கழுத்துப் பகுதி உடைவது இன்னொரு சேதம். கனமெல்லாம் தலைப் பக்கம், பிடியோ மெல்லியது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், தோளிலிருந்து வீச வேண்டாம். ஸ்டிராப்பை மணிக்கட்டில் மாட்டி ஒரு சுற்று முறுக்கிக்கொள்ளுங்கள். மேல் தளத்திலிருந்து நழுவி விழும் கோல், கீழே உட்கார்ந்திருப்பவர் தலையை உடைக்கும் எடை உள்ளது. பின்னால் இருப்பவருக்கு மேடை தெரிய வேண்டும் என்பதால் மார்பளவு உயரத்தில் பிடிப்பதே மரியாதை. ஜப்பானிய அரங்குகள் பலவற்றில் இது எழுதப்பட்ட விதி.

விமானத்தில் கொண்டுபோகும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பைக்குள் தானாக எரியாது. உள்ளேயே சார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டரி உள்ள மாடலாக இருந்தால் கைப்பையில் வைப்பதே நல்லது. ஆர்மி பாம் வைத்திருப்பவர்கள் பாதுகாப்புச் சோதனையில் என்ன இது என்று கேட்டால் 'லைட்ஸ்டிக்' என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வரிசையில் அதன் முழுப்பெயரை உச்சரிக்கக் கூடாது.

போலிகளைப் பற்றி. படத்தில் அசலும் போலியும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் எடுத்தால் போலி இலேசாக இருக்கும், இணைப்புக் கோடுகள் சரியாகப் பொருந்தாது, வெள்ளை நீலம் பூத்த வெள்ளையாக எரியும். அசல் பெட்டியில் பெரும்பாலும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். கொரியாவில் விற்கும் மின்பொருளுக்குரிய கேசி முத்திரை கோலிலோ பெட்டியிலோ காணப்படும். இவற்றையும் போலி செய்கிறார்கள் என்பதால் கடைசிச் சோதனை ஆப்தான். அதிகாரபூர்வ ஆப் அந்தக் கோலை அடையாளம் கண்டு இணைத்தால் நம்பலாம். போலி வைத்திருப்பவரை அரங்கில் கேலி செய்யும் வழக்கம் சில ரசிகர்களிடம் இருக்கிறது. அது அசிங்கம். முடிந்த பொருளோடு வந்து அதே பாட்டைப் பாடுகிறவர் அவர். ஆனால் வாங்கப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது: போலி, அரங்கக் கட்டளையைக் கேட்காது. அதை வாங்கும் காசைச் சேமித்து அசலுக்காகக் காத்திருப்பதே மேல்.

இப்போது ஆப் இல்லாமல் எரியும் கோலைப் பற்றி. குழு கலையும், ஒப்பந்தம் முடியும், நிறுவனம் மாறும். அப்போது ஆப் கடையிலிருந்து நீங்கலாம், அல்லது புது ஃபோனில் ஓடாமல் போகலாம். ஆப் போய்விட்டால் மிஞ்சுவது பட்டன் மட்டுமே. சில மாடல்களில் பட்டனுக்கு ஒரே ஒரு நிறமும் மின்னும் நிலையும்தான். சிலவற்றில் உறுப்பினருக்கு ஒரு நிறம் என்று எல்லாம் பட்டனிலேயே வரும். விலைப்பட்டியலில் இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. வாங்குமுன் கையேட்டின் படத்தைத் தேடிப் பார்த்து, ஃபோன் இல்லாமல் எத்தனை நிறம் என்று எண்ணிப் பாருங்கள். 2020 ஏப்ரலில் பிடிஎஸ் பழைய கச்சேரிகளை இணையத்தில் ஒளிபரப்பியபோது, வீட்டிலிருந்த ஆர்மி பாம்களும் ப்ளூடூத் வழியாகப் பாட்டோடு சேர்ந்து நிறம் மாறின. அழகான வேலை. ஆனால் அது அந்த ஏற்பாடு நடக்கும் வரைக்கும்தான்.

பட்டன் எவ்வளவு தூரம் உதவும் என்பதை 2024 டிசம்பர் காட்டியது. தென் கொரியாவில் டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சோல் நகரில் நாடாளுமன்றத்தின் முன் அதை எதிர்த்துக் கூடிய கூட்டத்தில் மெழுகுவத்திகளோடு லைட்ஸ்டிக்குகளும் நின்றன. டிசம்பர் 14-இல் அதிபருக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறிய நாளிலும் அப்படித்தான். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத ரசிகர் படைகளின் கோல்கள், இருக்கை எண்ணும் மத்தியக் கட்டுப்பாடும் இல்லாமல், கையிலிருந்த பேட்டரியில் அவரவர் நிறத்தில் எரிந்தன. காற்றில் அணையாது, குளிரில் பல மணி நேரம் நிற்கும், கை சுடாது. வீதிக்கு எடுத்துப் போகவும் ஏற்ற விளக்காக அது இருந்தது.

இதே ரசிகர்கள்தான் விளக்கை ஆயுதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2008 ஜூனில் பல குழுக்கள் பங்கேற்ற ட்ரீம் கான்செர்ட்டில் கேர்ள்ஸ் ஜெனரேஷன் மேடை ஏறியதும் பிற ரசிகர் கூட்டங்கள் ஒளிக்கோல்களை அணைத்துக்கொண்டன. 'கறுப்புக் கடல்' என்று இன்றும் சொல்கிறார்கள். பாடுகிறவர்களுக்கு எதிரே இருட்டு மட்டும். கூட்டு நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் வேறு குழு வரும்போது கோலை உயர்த்த வேண்டும் என்று கட்டாயமில்லை. வெள்ளையில் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அணைக்காதீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்த அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம்.

கடைசியாக, பயன்படுத்திய கோலை வாங்குவது. நல்ல வழிதான், பழைய வெர்ஷன்களுக்கு அதுவே வழி. விற்பவரிடம் நான்கு காணொளி கேளுங்கள்: பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்குகளைக் காட்டுவது, பட்டனால் ஒவ்வொரு நிறமாக மாற்றுவது, ஆப் அதைக் கண்டுபிடித்து இணைப்பது, உருண்டையை விளக்கொளியில் மெதுவாகச் சுழற்றுவது. கடைசிக் காணொளியில் நுண்விரிசல் தெரிந்தால் விலகுங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளைத் தூள் தெரிந்து மற்ற மூன்றும் சரியாக இருந்தால் விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம், அது துடைத்தால் போகிற குறைதான். போட்டோகார்டு இல்லை, பெட்டி கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் சேகரிப்பவருக்குத்தான் பெரிய விஷயம். கச்சேரிக்குக் கொண்டுபோகிறவர் ஸ்டிராப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.